கீழாநெல்லி என்று எழுதினால் போதுமா?

மருத்துவ ஆய்வுக் கட்டுரை: வாசகர் கேள்வி பதில்

சித்த, ஆயுர்வேத மருந்துகளைப் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளை இதழ்களுக்கு அனுப்புவது குறித்துச் செட்டிநாட்டு வாசகர்கள் எழுதிய கேள்விகளும் பதில்களும் இங்கே. கேட்டவர்களில் பலருக்கும் ஆங்கில நடை பற்றித்தான் கவலை. நடையைத் திருத்தித் தர ஆள் கிடைப்பார்கள். எந்தச் செடி, எந்தப் பாகம், எவ்வளவு, யார் சொன்னது என்ற நான்கும் கட்டுரையில் இல்லாவிட்டால் அதை வேறு யாராலும் பிறகு சேர்க்க முடியாது. பெரும்பாலான கட்டுரைகள் அங்கேதான் விழுகின்றன.

கேள்வி: முதுகலைத் தாவரவியல் படிக்கிறேன். கீழாநெல்லிச் சாற்றின் ஆன்டிஆக்ஸிடன்ட் திறன் பற்றிய என் கட்டுரை மதிப்பீட்டாளருக்கே போகாமல் இரண்டு நாளில் திரும்பிவிட்டது. "செடியின் அடையாளம் உறுதிசெய்யப்படவில்லை" என்று ஒரே வரி. பில்லாந்தஸ் நிரூரி என்று தெளிவாக எழுதியிருந்தேனே? (மாணவி, காரைக்குடி)

அந்தப் பெயர்தான் காரணம். பில்லாந்தஸ் நிரூரி அமெரிக்கக் கண்டத்துச் செடி. நம் பழைய தாவர நூல்களில் அந்தப் பெயரில் எழுதியிருப்பது பெரும்பாலும் பில்லாந்தஸ் அமாரஸ், டெபிலிஸ், ஃபிரெட்டர்னஸ் என்ற மூன்று இனங்களின் கலவை என்று 1985-லேயே தாவரவியலார் எடுத்துக் காட்டிவிட்டார்கள். இதழாசிரியருக்கு இது தெரியும். இந்தியாவில் பறித்த செடிக்கு நிரூரி என்று பெயர் போட்டிருந்தால், செடியை யாரும் பார்க்கவில்லை, பழைய கட்டுரையிலிருந்து பெயர் இறங்கியிருக்கிறது என்று அவர் முடிவுகட்டிவிடுவார்.

கண்மாய்க் கரையில் ஒரு பிடி கீழாநெல்லியைப் பிடுங்கிப் பத்து மடங்கு பெரிதாக்கும் கைக்கண்ணாடியில் பாருங்கள். பூவின் இதழ்கள் ஐந்தாக இருந்தால் அமாரஸ் என்று கொள்ள இடமுண்டு. ஆறாக இருந்தால் டெபிலிஸ் அல்லது ஃபிரெட்டர்னஸ். காய் வழவழப்பாக இல்லாமல் சொரசொரவென்று, காம்பே இல்லாததுபோலத் தண்டோடு ஒட்டியிருந்தால் அது பில்லாந்தஸ் யூரினேரியா என்ற வேறோர் இனம். இவை எல்லாமே ஒரே கரையில் அடுத்தடுத்து முளைக்கும். நாட்டுமருந்துக் கடையில் வாங்கும் காய்ந்த கட்டில் இவற்றோடு மேலாநெல்லியும் கலந்திருக்கலாம். காய்ந்து நொறுங்கிய சரக்கில் இதழை எண்ண முடியாது. ஆய்வுக்குக் கடைச் சரக்கு வேண்டாம் என்று சொல்வது இதனால்தான். கடைச் சரக்கைப் பற்றியே ஆய்வு என்றால் அது வேறு தலைப்பு, நல்ல தலைப்பும்கூட.

ஆகவே, பூவும் காயும் உள்ள முழுச் செடியை வேரோடு எடுங்கள். செய்தித்தாள் மடிப்பில் வைத்து அழுத்தி, தாளைத் தினமும் மாற்றுங்கள். ஈரத் தாளை மாற்றாமல் விட்டால் மூன்றாம் நாளே பூஞ்சை பிடித்து இலை உதிரும். கீழாநெல்லி விஷயத்தில் இலை உதிர்ந்த மாதிரி எதற்கும் ஆகாது. காய்ந்ததும் 42க்கு 28 செ.மீ. அட்டையில் ஒட்டி, ஊர், அட்சரேகை தீர்க்கரேகை, நாள், மண்ணின் தன்மை, உள்ளூர்ப் பெயர், பறித்தவர் பெயர், சேகரிப்பு எண் ஆகியவற்றை எழுதுங்கள். பூவின் நிறத்தைப் பறித்த இடத்திலேயே குறித்துவிடுங்கள், காய்ந்தபின் அது இருக்காது. பிறகு கோவையில் உள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையத்துக்கோ, திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் ஹெர்பேரியத்துக்கோ (உலர்தாவரக் காப்பகம்) கொண்டுபோய் அடையாளச் சான்று பெறுங்கள். அவர்கள் தரும் வவுச்சர் எண்ணும் (சேமித்த மாதிரியின் பதிவு எண்) அது வைக்கப்பட்டிருக்கும் இடமும் கட்டுரையின் செய்முறைப் பகுதியின் முதல் பத்தியில் வர வேண்டும். செடியின் பெயரை முதல்முறை எழுதும்போது பெயரிட்டவரின் சுருக்கம், குடும்பம் இரண்டையும் சேர்த்து முழுமையாக எழுதுங்கள். பெயர் இன்றும் செல்லுமா என்று கியூ தாவரவியல் பூங்காவின் இணையப் பட்டியலில் பார்த்து, பார்த்த நாளையும் குறிப்பிடுங்கள்.

நீங்கள் அனுப்பிய செய்முறையில் வேறு மூன்று ஓட்டைகளும் தெரிகின்றன. எத்தனை கிராம் காய்ந்த பொடிக்கு எத்தனை மில்லி மெத்தனால், எத்தனை மணி நேரம், கடைசியில் எத்தனை சதவீதம் சாறு கிடைத்தது என்பது இல்லை. டிபிபிஎச் சோதனையை (ஆன்டிஆக்ஸிடன்ட் திறனை நிற மாற்றத்தால் அளப்பது) 517 நானோமீட்டரில் படித்திருக்கிறீர்கள், சரி. சாற்றின் சொந்த நிறத்தைக் கழிக்க டிபிபிஎச் சேர்க்காத ஒரு குழாயையும் படித்தீர்களா என்று எழுதவில்லை. "மூன்று முறை செய்யப்பட்டது" என்பது ஒரே சாற்றை மூன்று குழாயில் ஊற்றியது என்றால், அது மூன்று மாதிரி ஆகாது. பொடியை மூன்று பங்காக்கித் தனித்தனியாகச் சாறு எடுத்தால்தான் மூன்று.

ஜிசி-எம்எஸ் (சாற்றில் உள்ள சேர்மங்களைப் பிரித்து அடையாளம் காணும் கருவி) பட்டியலில் பதினேழாவதாக டைஐசோஆக்டைல் தாலேட் என்று ஒன்றைக் கண்டு, அதற்கு நுண்ணுயிர் எதிர்ப்புத் திறன் உண்டு என்றும் எழுதியிருக்கிறீர்கள். அது பிளாஸ்டிக்கை நெகிழவைக்கச் சேர்க்கும் பொருள். பெரும்பாலும் பிளாஸ்டிக் புட்டியிலிருந்தோ கரைப்பானிலிருந்தோ வந்திருக்கும். கண்ணாடிப் பாத்திரத்தில், செடி இல்லாத வெறும் மெத்தனாலையும் அதே வழியில் ஓட்டிப் பாருங்கள். அதிலும் அந்த உச்சி வந்தால் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம்.

கேள்வி: சிங்கம்புணரி, திருப்பத்தூர்ப் பக்கம் 42 பேரிடம் மூலிகைப் பயன்பாடு கேட்டுத் தொகுத்திருக்கிறேன். "வெறும் பட்டியலாக இருக்கிறது, கணக்கீடு தேவை" என்று திருப்பிவிட்டார்கள். என்ன கணக்கு? (ஆய்வு மாணவர், திருப்பத்தூர்)

தகவலாளர் ஒப்புமைக் காரணி, பற்றுறுதி விழுக்காடு என்ற இரண்டும் உங்கள் தரவுக்குப் போதும். முதலாவதற்கு, மூட்டுவலிக்கு மொத்தம் 63 தடவை ஏதோ ஒரு மருந்து சொல்லப்பட்டது, அவற்றில் வந்த செடிகள் 12 என்று வைத்துக்கொள்வோம். 63-இல் 12-ஐக் கழித்து 51. அதை 62-ஆல், அதாவது 63-இல் ஒன்று குறைத்து, வகுத்தால் 0.82. ஒன்றை நெருங்க நெருங்க ஊரார் ஒரே செடியைச் சொல்கிறார்கள் என்று பொருள். நொச்சியைப் பற்றிப் பேசிய 25 பேரில் 20 பேர் உடல்வலிக்கு என்றார்கள் என்றால் அதன் பற்றுறுதி 80 விழுக்காடு. ஒரே ஒருவர் சொன்ன செடிக்கும் இந்தக் கணக்கில் 100 வந்து நிற்கும். மூன்று பேருக்குக் குறைவாகச் சொன்ன செடிகளை இந்த அட்டவணையில் சேர்க்காதீர்கள், தனியாகக் காட்டுங்கள். 42 பேரில் ஒரே குடும்பத்தார் எத்தனை பேர் என்பதையும் எழுதுங்கள். ஒரு தாத்தாவிடம் கற்ற நான்கு பேரன்கள் ஒன்றையே சொல்வது ஊரின் ஒப்புமை ஆகாது.

கணக்கைவிட எங்களுக்குக் கவலை தருவது உங்கள் அளவுப் பத்தி. "ஒரு கைப்பிடி", "சுண்டைக்காயளவு", "கொட்டைப்பாக்களவு", "திரிகடிப் பிரமாணம்" என்று வைத்தியர் சொன்னதை அப்படியே போட்டிருக்கிறீர்கள். அந்தச் சொல் கட்டுரையில் இருக்கத்தான் வேண்டும், அது அவருடைய அளவை. பக்கத்தில் கிராமும் வேண்டும். சின்ன மின்தராசு ஒன்றைக் கையோடு கொண்டுபோய், அவரையே மூன்று முறை கைப்பிடி எடுக்கச் சொல்லி ஒவ்வொன்றையும் நிறுத்து, சராசரியும் ஏற்றஇறக்கமும் தாருங்கள். பச்சையா காய்ந்ததா, இலை மட்டுமா காம்போடா, உள்ளுக்கா மேல்பூச்சா, எதோடு சேர்த்து, எத்தனை நாள் என்பதும் தெரிய வேண்டும். காய்ந்த நொச்சி ஒரு கைப்பிடிக்கும் பச்சை நொச்சி ஒரு கைப்பிடிக்கும் எடையில் பல மடங்கு வேறுபாடு வரும்.

திரும்பப் போகும்போது செடியைக் காட்டி "இது மூட்டுவலிக்குத்தானே?" என்று கேட்காதீர்கள். பெரியவர்கள் மரியாதைக்காக ஆமாம் என்று சொல்லிவிடுவார்கள். "இதை எதற்காவது எடுப்பதுண்டா?" என்று திறந்து கேளுங்கள். ஒப்புதலை எழுத்தில் பெறுங்கள். கையெழுத்துப் போட இயலாதவருக்கு ஒரு சாட்சியின் முன் படித்துக் காட்டிக் கைரேகை பெறலாம். எது அச்சில் வரும் என்பதையும் அவருக்குச் சொல்லிவிடுங்கள்; இது மட்டும் வெளியே போக வேண்டாம் என்று அவர் சொன்னால் அது போகக் கூடாது. வெளிநாட்டு ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பும் எண்ணமோ காப்புரிமை எண்ணமோ இருந்தால், சென்னையில் உள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தை முதலிலேயே அணுகுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டு இரண்டாம் கட்டு அறையில் மரப்பெட்டிக்குள் ஐயா காலத்து வைத்திய ஏடு ஒரு கட்டு இருக்கிறது. பிரசவ மருந்து, பிள்ளைகளுக்கான உரைமருந்து எல்லாம் உண்டு. இதை ஆய்வுக் கட்டுரையாக்க முடியுமா? (வாசகி, கானாடுகாத்தான்)

முடியும். கட்டைப் பிரிக்குமுன் ஒன்று கேளுங்கள்: எண்ணெய் தடவாதீர்கள், எழுத்தில் கரி பூசாதீர்கள். லெமன்கிராஸ் எண்ணெய் பூசுவது நல்ல முறைதான். அதைச் சுவடி நூலகத்தார் செய்யட்டும். நீங்கள் மெல்லிய தூரிகையால் தூசி தட்டி, ஒவ்வொரு ஏட்டின் இரு பக்கத்தையும், ஓரத்தில் அளவுகோல் வைத்து, சாய்வான வெளிச்சத்தில் படம் எடுங்கள். எழுத்தாணிக் கீறல் நேர் வெளிச்சத்தில் தெரியாது. இருக்கும் வரிசை தவறாகத் தோன்றினாலும் மாற்றாமல் அப்படியே எண்ணிடுங்கள்.

படிக்கும்போது கவனம் வேண்டும். ஏட்டில் புள்ளி இருக்காது. குறில் எகரத்துக்கும் நெடில் ஏகாரத்துக்கும் வேறுபாடு இருக்காது. துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். எண்ணும் எழுத்தும் மயங்கும்: ௧ என்பது ஒன்று, அதுவே ‘க’ போல நிற்கும், ௨ ‘உ’ போல, ௭ ‘எ’ போல, ௮ ‘அ’ போல. காலைக் குறிக்கும் குறி ‘வ’. "சுக்கு பலம் வ" என்றால் கால் பலம். வகரத்தை அடுத்த சொல்லின் முதலெழுத்தாகப் படித்துவிட்டால் அளவும் போய்விடும், அடுத்த சரக்கின் பெயரும் கெட்டுவிடும். வழக்கமாகப் பலத்துக்கு 35 கிராம், வராகன் எடைக்கு 4.2 கிராம், ஆழாக்குக்கு 168 மில்லி என்று மாற்றுவார்கள். உங்கள் ஊர்ப் படியும் பலமும் அந்தக் காலத்தில் அதே அளவுதானா என்பது தனிக் கேள்வி. ஆகவே ஏட்டின் அளவை முதலிலும் கிராமை அடுத்தும் எழுதி, எந்த அட்டவணைப்படி மாற்றினீர்கள் என்று சொல்லுங்கள்.

கட்டுரையில் ஏட்டின் பாடத்தை எழுத்துக்கெழுத்து ஒருமுறையும், புள்ளியிட்டுப் பிரித்து ஒருமுறையும் தாருங்கள். சரக்குப் பெயருக்குத் தாவரப் பெயர் போடும்போது ஐயத்தை மறைக்காதீர்கள். நிலவேம்புக் குடிநீரில் சேரும் பற்படாகத்துக்கே இரண்டு வேறு செடிகளை நூல்கள் சொல்கின்றன. அங்கே இரண்டையும் எழுதி, உங்கள் வீட்டில் எதைப் போட்டார்கள் என்று தெரிந்தால் அதையும் எழுதுவதே நேர்மை. உரைமருந்தில் வசம்பு இருந்தால், அதைச் சுட்டுக் கரியாக்கி உரைத்தார்களா, அப்படியேவா என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பதியுங்கள். ஏடு "வசம்பு" என்று மட்டும் சொல்லும், கை செய்வது வேறாக இருக்கும். வசம்பில் பீட்டா அசரோன் என்ற நச்சுத்தன்மையுள்ள பொருள் உண்டு. கைக்குழந்தைக்குக் கொடுப்பது பற்றி எழுதும் கட்டுரையில் அதைச் சொல்லாமல் விட்டால் மதிப்பீட்டாளர் முதலில் அதைத்தான் கேட்பார்.

இந்தப் பாடம் ஏற்கெனவே அச்சில் உண்டா என்றும் பாருங்கள். குடும்ப ரகசியம் என்று நினைப்பவற்றில் பல, அகத்தியர், தேரையர் பெயரில் வழங்கும் நூல்களின் வேறு வடிவங்கள். அப்படி இருந்தாலும் வேறுபாடே ஆய்வுப் பொருளாகும். பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த நூல்களைக் கொண்டு 1994-இல் சென்னையில் தொடங்கிய ஆராய்ச்சி நூலகத்தில் பழைய வைத்திய அச்சு நூல்களைத் தேடலாம். கட்டுரையை இண்டியன் ஜர்னல் ஆஃப் ட்ரடிஷனல் நாலெட்ஜ், மத்திய சித்த ஆராய்ச்சிக் கழகத்தின் ஜர்னல் ஆஃப் ரிசர்ச் இன் சித்தா மெடிசின் போன்றவற்றுக்கு அனுப்பிப் பார்க்கலாம்.

கேள்வி: காளாஞ்சகப்படை (சோரியாசிஸ்) நோயாளி ஒருவர் வெட்பாலைத் தைலம், பறங்கிப்பட்டைச் சூரணத்தில் நன்கு தேறினார். ஒருவரை வைத்துக் கட்டுரை எழுத முடியுமா? (சித்த மருத்துவர், தேவகோட்டை)

எழுதலாம், நோயாளி அறிக்கையாக. அதற்கு 2013-இல் வந்த ‘கேர்’ வழிகாட்டி இருக்கிறது. அதன் பட்டியலை நிரப்பி இணைப்பாக அனுப்புங்கள். மருந்தின் தொகுதி எண், செய்த நிறுவனம், ஒரு வேளை அளவு, அனுபானம் (மருந்தோடு சேர்த்துக் கொடுக்கும் துணைப்பொருள்), பத்தியம் எல்லாம் வர வேண்டும். வெட்பாலையும் குடசப்பாலையும் சந்தையில் மாறுவதால் தைலத்தில் சேர்ந்த இலையின் அடையாளமும் வேண்டும். "தேறினார்" என்பதைப் ‘பாசி’ (PASI) மதிப்பெண்ணால் காட்டுங்கள் (படையின் பரப்பையும் தீவிரத்தையும் அளப்பது, 0 முதல் 72 வரை). அதைத் தொடக்கத்திலேயே போட்டிராவிட்டால் இப்போது நினைவிலிருந்து போடாதீர்கள். படங்களைக் கொண்டு விவரியுங்கள். படங்கள் ஒரே தூரத்தில், ஒரே வெளிச்சத்தில் எடுத்தவையாக இருக்கட்டும்.

இந்த நோய் தானாகவே தணிந்து தானாகவே எழும். மருந்து நிறுத்தியபின் எத்தனை மாதம் கவனித்தீர்கள், எந்தப் பருவத்தில், முன்பு பூசிய ஸ்டீராய்டு களிம்பை எப்போது விட்டார் என்பவை இல்லாவிட்டால் பலன் மருந்தினால்தான் என்று சொல்ல முடியாது. கல்லீரல், சிறுநீரகச் சோதனை முடிவுகளை முன்னும் பின்னும் தாருங்கள். படம் வெளியிட நோயாளியின் தனி ஒப்புதல் வாங்குங்கள். "முற்றிலும் குணம்" என்ற சொல்லை எங்கும் எழுதாதீர்கள்.

கேள்வி: நெறிமுறைக் குழு அனுமதியோடு 60 நோயாளிகளை இரு குழுவாகப் பிரித்து மருந்து கொடுத்து முடித்துவிட்டோம். இதழ் சிடிஆர்ஐ (இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடு) எண் கேட்கிறது. இப்போது பதியலாமா? (விரிவுரையாளர், புதுக்கோட்டை)

முடியாது. 2018 ஏப்ரல் 1 முதல், முதல் நோயாளியைச் சேர்க்குமுன் வரும் ஆய்வுகளை மட்டுமே அங்கே பதிவார்கள். பதிவுக்குக் கட்டணமும் இல்லை என்பதால் இது மிகவும் வருத்தமான இழப்பு. இதைப் பழைய பதிவேடுகளின் தொகுப்பு என்று பெயர் மாற்றி அனுப்பச் சிலர் யோசனை சொல்வார்கள். செய்யாதீர்கள், அது பொய். பதியவில்லை என்பதைக் கட்டுரையிலேயே ஒளிக்காமல் எழுதி, ஏற்கும் இதழ் உண்டா என்று ஆசிரியருக்கு முன்கூட்டியே கடிதம் எழுதிக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் இந்த 60 பேரின் தரவு அடுத்த ஆய்வுக்கு எத்தனை பேர் தேவை என்று கணக்கிட உதவும். அதைப் பதிந்துவிட்டுத் தொடங்குங்கள்.

கேள்வி: ஐந்து நாளில் வெளியிடுகிறோம், கட்டணம் இவ்வளவு என்று ஓர் இதழிலிருந்து மின்னஞ்சல் வந்தது. நம்பலாமா? (பள்ளத்தூர்)

வேண்டாம். ஐந்து நாளில் யாரும் மதிப்பிட முடியாது. யுஜிசி-கேர் பட்டியலில் (பல்கலைக்கழக மானியக் குழு ஏற்ற இதழ்களின் பட்டியல்) இருக்கிறோம் என்று சொன்னால், அந்தப் பட்டியலையே யுஜிசி 2025-இல் கைவிட்டுவிட்டது. ஸ்கோபஸ், பப்மெட், டிஓஏஜே என்ற ஆய்விதழ்த் தரவுத்தளங்களின் சொந்தத் தளத்தில் இதழின் ஐஎஸ்எஸ்என் (அடையாள) எண்ணைப் போட்டுத் தேடுங்கள். இதழின் தளத்தில் உள்ள முத்திரைப் படத்தை நம்பாதீர்கள், நல்ல இதழின் பெயரிலேயே போலித் தளம் நடத்துபவர்களும் உண்டு.

கேள்வி: எலிக்குக் கிலோவுக்கு 2000 மி.கி. சாறு கொடுத்தோம், நல்ல பலன். "அளவை நியாயப்படுத்துக" என்கிறார் மதிப்பீட்டாளர். என்ன எழுத? (ஆய்வு மாணவி, காரைக்குடி)

கணக்கைப் போட்டுப் பாருங்கள். மனிதர் நாளுக்கு 10 கிராம் குடிநீர்ப் (கஷாயப்) பொடி எடுக்கிறார், உங்கள் சாற்றின் விளைச்சல் 12 விழுக்காடு என்றால், அவர் உடலுக்குள் போவது 1.2 கிராம் சாறு. 60 கிலோ எடைக்குக் கிலோவுக்கு 20 மி.கி. மனித அளவை எலிக்கு மாற்ற வழக்கமான காரணியான 6.2-ஆல் பெருக்கினால் 124 மி.கி. நீங்கள் கொடுத்தது அதைப்போலப் பதினாறு மடங்கு. அந்த அளவில் வந்த பலன் மரபு மருத்துவத்தின் பயன்பாட்டுக்குச் சான்று ஆகாது என்பதுதான் அவர் சொல்ல வருவது, அது நியாயம். 125, 250, 500 என்ற வரிசையில் மறுபடி செய்ய விலங்கு நெறிமுறைக் குழுவிடம் அனுமதி கேளுங்கள். அதற்கு வழியில்லையென்றால் தலைப்பிலும் முடிவிலும் மரபுப் பயன்பாட்டை நிறுவியதாகச் சொல்லும் வரிகளை எடுத்துவிட்டு, இந்தக் கணக்கையே வரம்பாக எழுதுங்கள்.

கேள்வி: செடிகளையெல்லாம் காட்டிக்கொடுத்த வைத்தியர் பெயரை ஆசிரியர் வரிசையில் சேர்க்கலாமா? (குன்றக்குடி)

மருத்துவ இதழ்கள் பின்பற்றும் விதிப்படி ஆசிரியராக இருக்க நான்கு தேவை: ஆய்வில் கணிசமான பங்கு, எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், எல்லாவற்றுக்கும் பொறுப்பேற்பு. செடியைக் காட்டியதோடு நின்றிருந்தால், அவர் சம்மதத்தோடு நன்றியுரையில் பெயர் போடுங்கள். எந்த மருந்துக்கு எது, ஏன் என்று அவர் விளக்கியதன் மேல் கட்டுரையே நிற்கிறது என்றால் அவருக்கு ஆசிரியராகும் வாய்ப்பைத் தருவது உங்கள் கடமை. ஆங்கில வடிவத்தைத் தமிழில் ஒரு நாள் முழுக்க அவருக்குப் படித்துச் சொல்லி, அவர் சொல்லும் திருத்தங்களைக் குறித்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் ஒப்புதல் தந்து பொறுப்பும் ஏற்றால் மற்ற மூன்று தேவைகளும் நிறைவேறும். அளவிலும் அனுபானத்திலும் நீங்கள் செய்த பிழைகளையும் அவர் அன்றைக்கே பிடித்துவிடுவார்.